லேப்டாப்பில் லினக்ஸ்: அழித்துப் போடுவதா, பக்கத்தில் வைப்பதா, உள்ளே ஓட்டுவதா?

"அண்ணா, லேப்டாப்ல லினக்ஸ் போடலாம்னு இருக்கேன். ஆனா விண்டோஸையும் விட முடியாது. டூயல் பூட் போட்டுடவா?"

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். டூயல் பூட் என்றால் ஒரே லேப்டாப்பில் இரண்டு இயங்குதளங்களை வைத்து, ஆன் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு இன்னும் கூடிவிட்டது. ஏழாம் தலைமுறை இன்டெல் சிப்போ அதற்கு முந்தையதோ உள்ள லேப்டாப் என்றால், பெரும்பாலும் விண்டோஸ் 11 அதை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்?

கேட்பவர்கள் பெரும்பாலும் "எந்த லினக்ஸ்?" என்பதில்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மின்ட்டா உபுண்டுவா என்று பத்து வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். அது பிறகு மாற்றிக்கொள்ளக் கூடிய விஷயம். லினக்ஸை எந்த இடத்தில் வைக்கப் போகிறோம் என்பதுதான் முதலில் தீர வேண்டியது. அதில் தவறினால் கோப்புகள் போய்விடும். டூயல் பூட் நடுவழி மாதிரித் தெரிவதால் எல்லாரும் அதில் போய் நிற்கிறார்கள். ஆனால் இருக்கும் வழிகளிலேயே அதிகக் கவனிப்பு கேட்பது அதுதான். அதை முதலில் அல்ல, கடைசியாக யோசியுங்கள் என்பதே என் கட்சி.

பேச வசதியாக மூன்று பேரை மனதில் வைத்துக்கொள்கிறேன். மூவரும் சமீபத்தில் என்னிடம் கேட்டவர்கள். ஒருவன் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான புது வகை டிஸ்க்), விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப் வைத்திருக்கிறான். இன்னொருவர் மளிகை மொத்தக் கடையில் கணக்கு பார்க்கும் ஒரு அக்கா. 2016-இல் வாங்கிய லேப்டாப், ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். டேலி என்ற கணக்கு மென்பொருள் இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் போகாது. மூன்றாமவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். கட்டுரை எழுத வேண்டும், வெளியூரில் இருக்கும் பேரனோடு வீடியோவில் பேச வேண்டும், அவ்வளவுதான்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி: விண்டோஸில் மட்டுமே ஓடும் எந்த வேலை உங்களுக்கு இருக்கிறது, அது எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? உத்தேசமாகச் சொல்லாமல் ஒரு வாரம் கவனித்துத் தாளில் எழுதுங்கள். டேலி, போட்டோஷாப், வாலரன்ட் போன்ற விளையாட்டுகள், சில ஆன்லைன் தேர்வுகளுக்கான பூட்டிய பிரவுசர், ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவைதான் வழக்கமாகப் பட்டியலில் வரும். டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், கொடுத்தவரிடமே கேட்டுவிடுங்கள். வேர்டு, எக்ஸெல் என்று எழுதுபவர்கள், பிரவுசரிலேயே கிடைக்கும் வேர்டு போதுமா, லிப்ரே ஆபீஸ் போதுமா என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பலருக்குப் போதும்.

இரண்டாவது, ரேம். ஒன்றுக்குள் ஒன்றை ஓட்டும் வழிகளுக்கு 8 ஜிபி குறைந்தபட்சம், 16 இருந்தால்தான் நிம்மதி.

மூன்றாவது, டிஸ்க். அளவு மட்டுமல்ல, வகையும் முக்கியம். பழைய ஹார்ட் டிஸ்கில் எந்த இயங்குதளம் போட்டாலும் ஆமைதான். அந்த லேப்டாப்பில் ஒரு எஸ்எஸ்டி மாட்டுவது, விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறுவதைவிடப் பெரிய வேக வித்தியாசம் தரும். லினக்ஸ் போட்டும் வேகம் வரவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

நான்காவது, அந்த டிஸ்கில் யாருடைய கோப்புகள் இருக்கின்றன? வீட்டில் ஒரே லேப்டாப் என்றால் அப்பாவின் பத்திர ஸ்கேன், தங்கையின் ஹால் டிக்கெட் எல்லாம் அதில்தான் கிடக்கும். கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் இந்தக் கட்டுரையே வேண்டாம், அதில் கை வைக்காதீர்கள்.

கடைசியாக, நின்றுபோனால் யார் பார்ப்பார்கள்? பக்கத்துத் தெரு சர்வீஸ் கடையில் லினக்ஸ் என்றதும் "ஃபார்மட் பண்ணிடலாமா?" என்று கேட்கும் வாய்ப்பு அதிகம். சென்னை லினக்ஸ் பயனர் குழு, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்ற இடங்களில் தமிழிலேயே கேட்கலாம், பொறுமையாகச் சொல்வார்கள். ஆனால் நாளைக் காலை எட்டு மணிக்குப் பில் போட வேண்டியவருக்கு அந்தப் பொறுமை இருக்காது.

## எந்த வழியானாலும் முதலில் அரை மணி நேரம் சோதனை

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பது அழிந்துவிடும் என்பதால் வெறும் பென் டிரைவாக எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் கோப்பு) இறக்கி, விண்டோஸில் ரூஃபஸ் என்ற செயலி மூலம் பென் டிரைவில் ஏற்றுங்கள். லேப்டாப்பை ஆன் செய்யும்போது பூட் மெனுவைத் திறக்க வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்ய, பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) முதலில் அதை இயக்க வேண்டியிருக்கும்.

லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே ஓடும், டிஸ்கைத் தொடாது. வைஃபை பிடிக்கிறதா பாருங்கள். இயர்போன் செருகினால் சத்தம் மாறுகிறதா? கேமரா? வெளிச்சம் கூட்டும் குறைக்கும் பட்டன்கள்? மூடியை மூடி இரண்டு நிமிடம் கழித்துத் திறந்தால் எழுந்திருக்கிறதா? இந்தக் கடைசிச் சோதனையை யாரும் செய்வதில்லை. நிறுவிய பிறகு பையிலிருந்து சூடாக எடுக்கும்போதுதான் தெரியவரும். பிரிண்டரையும் செருகி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். பிராட்காம் வைஃபை சிப் உள்ள சில லேப்டாப்களில் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். அப்போது போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் நெட் கிடைத்துவிடும்.

பென் டிரைவில் ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும். வேகத்தை அதை வைத்து எடைபோடாதீர்கள்.

## வழி 1: விண்டோஸை எடுத்துவிட்டு முழுதாக லினக்ஸ்

இருப்பதிலேயே எளிய நிறுவல் இதுதான். "டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு" என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயர், கடவுச்சொல் கொடுத்தால் எஸ்எஸ்டியில் அரை மணிக்குள் முடிந்துவிடும். பார்ட்டிஷன் (டிஸ்கைத் துண்டுகளாகப் பிரிப்பது) கணக்கு இல்லை, பூட் சண்டை இல்லை. டிஸ்க் முழுவதையும் என்க்ரிப்ட் செய்யும் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும்) வசதியை ஒரு டிக்கில் வாங்கிக்கொள்ளலாம். லேப்டாப் திருடு போனாலும் கோப்பு பத்திரம். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் மட்டும் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

மறைந்திருக்கும் செலவு முதல் மாதத்தில் தெரியும். பழகிய ஷார்ட்கட் கைக்கு வராது. பழைய வேர்டு கோப்பைத் திறந்தால் அட்டவணை நகர்ந்திருக்கும். பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவினால் படித்துவிடலாம். அதே முறையில் புதிதாக அடிப்பதுதான் சிரமம். யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

யூனிகோடு தட்டச்சில் கவலையே வேண்டாம். ஐபஸ் உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் வரும். இலங்கையில் பழகியவர்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் இருக்கிறது. நான் தினமும் தமிழ்99-இல்தான் அடிக்கிறேன்.

லைசென்ஸ் போய்விடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து விண்டோஸோடு விற்ற லேப்டாப்களில் அந்த எண் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கும். நாளை மனசு மாறினால் அதே பதிப்பை மறுபடி நிறுவலாம், தானாகவே ஆக்டிவேட் ஆகும். ஆனால் கம்பெனிக்காரர் கொடுத்த ரெகவரி பார்ட்டிஷன் போய்விடும். அழிப்பதற்கு முன் விண்டோஸிலேயே ரெகவரி பென் டிரைவ் ஒன்று தயாரித்து வையுங்கள். பயாஸ் அப்டேட் பாக்கி இருந்தால் அதையும் அப்போதே முடித்துவிடுங்கள். பல லேப்டாப்களுக்கு விண்டோஸ் வழி செய்வதுதான் சுலபம்.

யாருக்கு ஏற்றது? தாளில் எழுதிய பட்டியல் காலியாக இருந்தவருக்கு. விண்டோஸ் 10-லிருந்து தப்பிக்க வந்தவருக்கும் இதுதான் முழுமையான விடை.

## வழி 2: ஒரே டிஸ்கில் டூயல் பூட்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆசை அதிகம், அடிபடுவதும் அதிகம்.

டிஸ்கின் ஒரு பகுதியைச் சுருக்கி அதில் லினக்ஸ் போடுகிறோம். ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். இரண்டுமே மெஷினின் முழு வேகத்தில் ஓடும். கிராஃபிக்ஸ் கார்டு, ரேம் எல்லாம் முழுசாகக் கிடைக்கும். நல்ல விஷயம்தான்.

இனி சிக்கல்கள். நம் ஊரில் "முக்கியமானதெல்லாம் டி டிரைவ்ல இருக்கு, சி-யை மட்டும் அழிச்சா போதும்" என்பது ஆழமாகப் பதிந்த நம்பிக்கை. டி டிரைவ் தனி டிஸ்க் அல்ல, பெரும்பாலும் அதே டிஸ்கின் இன்னொரு துண்டுதான். லினக்ஸ் இன்ஸ்டாலரில் சி, டி என்ற எழுத்துகளே இருக்காது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2, எஸ்டிஏ5 என்று வரிசையாக வரும், பக்கத்தில் அளவு மட்டும் இருக்கும். 2019-இல் என் சித்தப்பா மகளின் லேப்டாப்பில் நான் இந்த இடத்தில்தான் தவறினேன். இரண்டு பார்ட்டிஷன்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு. அளவைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் டிக் போட்டேன். அது அவளுடைய டி டிரைவ். கல்யாண போட்டோவில் பாதி மீட்புச் செயலியில் திரும்பி வந்தது, பெயர் இல்லாமல், எண்களாக. மீதி வரவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த ஆல்பத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதன் பிறகு, வெளி டிஸ்கில் பேக்கப் எடுத்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகுதான் யார் மெஷினையும் தொடுகிறேன்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் பூட்டு. புதிய விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் டிஸ்க் என்க்ரிப்ஷன் உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கும். பூட் முறையிலோ, அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் அமைப்பிலோ மாற்றம் வந்தால், சாவியை வைத்திருக்கும் டிபிஎம் சிப் அதைத் தர மறுக்கும். விண்டோஸ் நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். யாருடைய கணக்கில்? லேப்டாப்பை முதலில் அமைத்துக் கொடுத்தவரின் கணக்கில். கடைக்காரப் பையன் தன் கணக்கைப் போட்டு ஆன் செய்து கொடுத்திருந்தால் அந்த எண் அவனிடம்தான் இருக்கிறது. லினக்ஸ் போடும் எண்ணம் இல்லாவிட்டாலும், இன்றே உங்கள் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதி வையுங்கள்.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைக்க வேண்டும். அது இயக்கத்தில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனில் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். வலிந்து எழுதினால் கோப்பு கெடும்.

சில இன்டெல் லேப்டாப்களில் இன்ஸ்டாலருக்கு டிஸ்கே தெரியாது. பயாஸில் டிஸ்க் முறை ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருப்பதுதான் காரணம். ஏஹெச்சிஐ-க்கு மாற்றினால் தெரியும். ஆனால் விண்டோஸைத் தயார்படுத்தாமல் சட்டென்று மாற்றினால் அது பூட் ஆகாது. முதலில் விண்டோஸ் சேஃப் மோடில் எழும்படி அமைத்து, பிறகு பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பிவிட்டு, பழையபடி வைக்க வேண்டும்.

அப்புறம் அந்தக் கடிகாரம். லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். கெட்டுப்போனது எதுவும் இல்லை. மதர்போர்டின் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. உலகப் பொது நேரத்துக்கும் இந்திய, இலங்கை நேரத்துக்கும் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. லினக்ஸை உள்ளூர் நேரம் வைக்கச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது.

எல்லாம் சரியாக அமைத்த பிறகும் இரு வீட்டுக்கு ஒரு வாசல்தான். 2024 ஆகஸ்ட் 13-ஆம் தேதி வந்த விண்டோஸ் அப்டேட், டூயல் பூட் மெஷின்களைத் தொடாது என்று சொல்லப்பட்டிருந்தும், பல இடங்களில் லினக்ஸைப் பூட் ஆகவிடாமல் நிறுத்தியது. பழைய பூட் லோடர்களை (ஆன் செய்ததும் இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரல்கள்) தடுக்கும் பட்டியல் அதோடு வந்ததுதான் காரணம். செக்யூர் பூட்டை அணைத்து, அந்தப் பட்டியலை நீக்கித்தான் மீள வேண்டியிருந்தது. தினமும் நடக்கும் விஷயமல்ல. பரீட்சைக்கு முந்தைய இரவு நடந்தால் என்ன செய்வீர்கள் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இடமும் பார்க்க வேண்டும். 256 ஜிபி எஸ்எஸ்டியைப் பங்கு போட்டால் ஆறு மாதத்தில் இரண்டு பக்கமும் மூச்சு முட்டும். 512 இருந்தால் லினக்ஸுக்கு 100 ஜிபி தாராளமாக ஒதுக்கலாம். சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள், இன்ஸ்டாலரிடம் விடாதீர்கள்.

யாருக்கு ஏற்றது? விண்டோஸ் மாதம் ஓரிரு முறைதான் தேவை, ஆனால் முழு வேகத்தில் தேவை. இரண்டாவது டிஸ்க் மாட்ட இடமில்லை. பேக்கப் கையில் இருக்கிறது. மூன்றும் பொருந்தினால் செய்யுங்கள்.

## வழி 3: லினக்ஸுக்குத் தனி எஸ்எஸ்டி

டூயல் பூட்தான், ஆனால் ஆளுக்கொரு வீடு. முடிந்தவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது இதைத்தான்.

2012-இலிருந்து 2017 வரை வந்த பல லேப்டாப்களில் டிவிடி டிரைவ் இருக்கும். அதை யார் இப்போது பயன்படுத்துகிறார்கள்? அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பொருந்தும் கேடி (டிஸ்கைத் தாங்கும் சட்டம்) ஒன்றில் டிஸ்கை வைத்துச் செருகலாம். கேடி 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வரும்; டிவிடி டிரைவை அளந்து பார்த்து வாங்குங்கள். சில மாடல்களில் கேடியில் உள்ள டிஸ்கிலிருந்து பூட் ஆகாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் புதிய லேப்டாப்களில் எம்.2 எனப்படும் சிறு எஸ்எஸ்டிக்கான இடமும் சாதாரண டிஸ்க் இடமும் சேர்ந்தே இருப்பதுண்டு. எதுவும் இல்லாவிட்டால் யூஎஸ்பி 3-இல் செருகும் வெளி எஸ்எஸ்டி இருக்கிறது. கேபிள் அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. சில இன்ஸ்டாலர்கள், புது டிஸ்கை நீங்கள் காட்டினாலும், பூட் கோப்புகளை மட்டும் முதல் டிஸ்கில் இருக்கும் விண்டோஸின் பூட் பகுதியிலேயே எழுதிவிடும். பிறகு வெளி டிஸ்கைக் கழற்றினால் லேப்டாப் பூட் ஆகாமல் திருதிருவென்று விழிக்கும். நிறுவும்போது பழைய டிஸ்கை பயாஸில் அணைத்துவிடுங்கள், அல்லது ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே எடுத்து வையுங்கள். டிஸ்க் மெஷினில் இல்லாதபோது எந்தத் தவறும் அதைத் தொட முடியாது. நிறுவி முடித்த பிறகு மறுபடி மாட்டி, எது வேண்டுமோ அதை பூட் மெனுவில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

மறைந்த செலவு என்றால் டிஸ்கின் விலை, ஸ்க்ரூ டிரைவர், வாரன்டி. வாரன்டி இருக்கும் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். பிட்லாக்கர் எண்ணும் கடிகாரமும் இங்கேயும் பொருந்தும்.

## வழி 4: விண்டோஸுக்குள் விர்ச்சுவல் மெஷின்

விர்ச்சுவல்பாக்ஸையோ விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனையோ நிறுவி, ஒரு ஜன்னலுக்குள் முழு லினக்ஸை ஓட்டுவது. இரண்டுமே இலவசம், விஎம்வேர் 2024 முதல் அப்படி. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் இயங்க வேண்டும். லினக்ஸ் முழுவதும் டிஸ்கில் ஒரு பெரிய கோப்பாக உட்கார்ந்திருக்கும். அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவைத்துவிட்டு அதை எப்படி வேண்டுமானாலும் உடைக்கலாம், ஒரு கிளிக்கில் பழைய நிலைக்கு வந்துவிடும். பார்ட்டிஷன் பிரிப்பதைப் பழகவே இதைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். டூயல் பூட் போட நினைப்பவர்கள் முதலில் இங்கே மூன்று முறை நிறுவிப் பாருங்கள்.

8 ஜிபி ரேமில் 4-ஐ அதற்குக் கொடுத்தால் இரண்டு பக்கமும் திணறும். கிராஃபிக்ஸ் கார்டு முழுசாகக் கிடைக்காது. வைஃபை சிப் அதற்குத் தெரியாது, கேபிள் இணைப்பாகத்தான் தெரியும். அதனால் உங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் எப்படி ஓடும் என்பதை இது சொல்லாது.

இதைத் திருப்பியும் போடலாம்: லினக்ஸை முதன்மையாக வைத்து, எப்போதாவது தேவைப்படும் விண்டோஸை உள்ளே ஓட்டுவது. 16 ஜிபி இருந்தால் அருமையான ஏற்பாடு. அந்த விண்டோஸுக்கும் லைசென்ஸ் வேண்டும்.

## வழி 5: டபிள்யூஎஸ்எல்

விண்டோஸே தரும் லினக்ஸ். ஒரே கட்டளை, ஒரு ரீஸ்டார்ட், உபுண்டு டெர்மினல் வந்துவிடும். இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடுகிறது. பைத்தான், சி, கிட், டாக்கர், சர்வர் வேலை கற்கும் மாணவர்களுக்கு இது போதும். போதும் என்று அழுத்தியே சொல்கிறேன்.

அமைத்தபடியே விட்டால் ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். ஒரு சிறு அமைப்புக் கோப்பில் கட்டுப்படுத்தலாம். புராஜெக்ட் கோப்புகளை சி டிரைவில் வைத்துக்கொண்டு லினக்ஸ் பக்கமிருந்து வேலை செய்தால் இழுக்கும், லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வையுங்கள். உள்ளே கோப்புகளை அழித்தாலும் அதன் டிஸ்க் கோப்பு தானாகச் சுருங்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு இது தீனி போடாது.

## ஒரே பார்வையில்

| | முழு மாற்றம் | ஒரே டிஸ்கில் டூயல் பூட் | தனி எஸ்எஸ்டி | விர்ச்சுவல் மெஷின் | டபிள்யூஎஸ்எல் |
|---|---|---|---|---|---|
| விண்டோஸ் எவ்வளவு தேவை | தேவையே இல்லை | மாதம் ஓரிரு முறை | வாரம் சில முறை | தினமும் | தினமும் |
| ரேம் | 4 ஜிபி போதும் | 4 ஜிபி போதும் | 4 ஜிபி போதும் | 8 குறைந்தபட்சம், 16 நல்லது | 8 குறைந்தபட்சம், 16 நல்லது |
| கோப்பு போகும் அபாயம் | பேக்கப் இல்லாவிட்டால் எல்லாம் | அதிகம் | மிகக் குறைவு | இல்லை எனலாம் | இல்லை எனலாம் |
| வேண்டாமென்றால் திரும்புவது | விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டும் | பார்ட்டிஷன், பூட் இரண்டையும் சரிசெய்ய வேண்டும் | டிஸ்கைக் கழற்றினால் போதும் | ஒரு கோப்பை அழித்தால் போதும் | ஒரு கட்டளை போதும் |
| விண்டோஸ் 10 கவலை தீருமா | தீரும் | பாதி | பாதி | தீராது | தீராது |

கடைசி வரியைக் கவனியுங்கள். ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-க்குள் விர்ச்சுவல் மெஷின் போட்டால், அடியில் ஓடுவது அதே பழைய விண்டோஸ்தான். பாதுகாப்புக்காக மாறுகிறவர்களுக்கு நான்காவதும் ஐந்தாவதும் விடையே அல்ல.

## எந்த லினக்ஸ்? சுருக்கமாக

8 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட் சினமன். 4 ஜிபி என்றால் அதைவிட இலகுவான மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. மின்ட் 22 வரிசைக்கும் அதன் அடித்தளமான உபுண்டு 24.04-க்கும் 2029 வரை அப்டேட் உண்டு. இந்த ஆண்டு வந்த லேப்டாப் என்றால் ஃபெடோரா, புதிய கர்னலில் புதிய சிப்புகளுக்கான டிரைவர் முதலில் வரும். பதிலுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது பதிப்பு மாற்றியாக வேண்டும். என்விடியா கார்டு இருந்து, செக்யூர் பூட்டும் இயக்கத்தில் இருந்தால், டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் வரும் நீலத் திரையில் அதையே கொடுக்க வேண்டும். பயந்துபோய்த் தவிர்த்தால் டிரைவர் ஏறாது.

## அந்த மூன்று பேருக்கு

மாணவனுக்கு டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொடுத்தேன். கேம்பஸ் தேர்வுகளுக்கு விண்டோஸ் கேட்பார்கள், அந்த நேரத்தில் பூட் லோடரோடு மல்லுக்கட்ட வேண்டாம். 16 ஜிபி இருப்பதால் பக்கத்திலேயே ஒரு விர்ச்சுவல் மெஷினும் வைத்திருக்கிறான். அதில்தான் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸை நிறுவிப் பழகுகிறான்.

தமிழாசிரியருக்கு முழு மாற்றம். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, தமிழ்99. பழைய டிஸ்கை அழிக்கவில்லை. உறையில் போட்டு அவரிடமே கொடுத்தாயிற்று, அதில் அவருடைய முப்பது வருடக் கட்டுரைகள் இருக்கின்றன. முதல் வாரம் மூன்று முறை கூப்பிட்டார், மூன்றும் பிரிண்டர் பற்றி.

கணக்கு பார்க்கும் அக்காவுக்குத் தனி எஸ்எஸ்டி. பழைய டிஸ்க் கேடியில், விண்டோஸோடும் டேலியோடும் இருக்கும். புது எஸ்எஸ்டியில் லினக்ஸ். பேங்க், மெயில், பிரவுசிங் எல்லாம் லினக்ஸில். விண்டோஸ் டேலிக்கு மட்டும், முடிந்தவரை நெட் இல்லாமல். இது நிரந்தர ஏற்பாடல்ல, டேலிக்கு ஒரு விண்டோஸ் 11 மெஷின் வாங்கும்வரைதான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். எஸ்எஸ்டி மாட்டும் வேலையை இன்னும் செய்யவில்லை. இந்த மாதக் கணக்கு முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம் என்று பேசியிருக்கிறோம். அதற்கு முன் டேலி டேட்டாவை இரண்டு பென் டிரைவில் பேக்கப் எடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வைத்துவிட்டு, டேலி லைசென்ஸைச் சரண்டர் செய்துவிட்டு (அந்த மெஷினிலிருந்து விடுவித்துவிட்டு) வரச் சொல்லியிருக்கிறேன்.